தாத்தா பெட்டியில் இருந்த 1862 விக்டோரியா ரூபாய்: அசலா, போலியா?

பெட்டிக்காசு | மார்ச் 2, இரவு 9.14

பாகப்பிரிவினையில் வந்த தகரப்பெட்டியில் சில பழைய காசுகள். முதலில் ஒன்றைப் பற்றி மட்டும் கேட்கிறேன். விக்டோரியா தலை, மறுபக்கம் ‘ஒன் ருபீ, இந்தியா, 1862’. எடை 11.42 கிராம், விட்டம் 30.6 மி.மீ. காந்தம் இழுக்கவில்லை. நகைக்கடையில் காட்டியதில் வெள்ளிதான் என்றார்கள். அப்படியானால் அசல்தானே? மேல் விளிம்பில் சின்ன மேடு ஒன்று இருக்கிறது. சுண்டினால் சத்தம் மந்தமாக வருகிறது. அது மட்டும்தான் சந்தேகம்.

உரைகல் | மார்ச் 2, இரவு 9.51

வெள்ளி அசல் என்பது வேறு, காசு அசல் என்பது வேறு. பூஜைக்கென்று நகைக்கடைகள் அடித்து விற்கும் வெள்ளிக்காசுகளிலும் ராஜா தலை, ராணி தலை உண்டு. அவையும் வெள்ளிதான். ‘வெள்ளியா’ என்று கேட்டால் ‘ஆம்’ என்ற பதில்தான் வரும், அது உங்கள் கேள்விக்குப் பதில் இல்லை.

நல்ல வேளை, எடை போட்டுவிட்டீர்கள். 1835க்குப் பிறகு வந்த ரூபாயின் எடை ஒரு தோலா: 180 கிரெயின், 11.66 கிராம். 12 பங்கில் 11 பங்கு வெள்ளி, அதாவது 91.7 சதவீதம், மீதி செம்பு. புழங்கித் தேய்ந்த காசு 11.3, 11.4 காட்டுவது சாதாரணம். 11.8 காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். தேய்மானம் எடையைக் குறைக்கும், கூட்டாது.

தராசுமுள் | மார்ச் 2, இரவு 10.30

மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தேய்மானம் எடையை மாற்றும், அடர்த்தியை மாற்றாது. அதனால் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளில் எனக்கு நம்பிக்கை உள்ளது தண்ணீர்ச் சோதனை ஒன்றில்தான். பைசா செலவில்லை, காசில் ஒரு கீறலும் விழாது.

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். 0.1 மட்டும் காட்டுவது இதற்கு உதவாது. காசை முதலில் காற்றில் எடை போடுங்கள். பிறகு பாதி தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ சுவரிலோ படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. காற்றில் உள்ள எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

91.7 வெள்ளிக்குக் கணக்குப்படி ஏறக்குறைய 10.3 வர வேண்டும். தூய செம்பு 8.96, ஜெர்மன் சில்வர் (பெயரில்தான் வெள்ளி; செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) 8.6 சுற்றி, பித்தளை 8.5 சுற்றி. புது ரூபாய் ஒன்று 1.13 கிராம் தண்ணீரை இடம்பெயர்க்கும். உங்கள் 11.42 காசு 1.10 அல்லது 1.11 காட்ட வேண்டும்.

இன்னொரு கோணத்தில் பாருங்கள். ரூபாயின் அதே அளவில் ஜெர்மன் சில்வரில் அடித்தால் எடை 9.7 கிராம்தான் வரும். எடையை 11.6க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் காசு ஐந்தில் ஒரு பங்கு தடிப்பாக வேண்டும். அதனால்தான் போலிகளில் பாதி, தராசிலேயோ காலிப்பரிலேயோ மாட்டிக்கொள்கின்றன.

பெட்டிக்காசு | மார்ச் 3, காலை 7.20

செய்து பார்த்தேன். 1.22 காட்டுகிறது. 11.42ஐ வகுத்தால் 9.36. போலியா??

தராசுமுள் | மார்ச் 3, காலை 7.48

அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். எந்த நூல்? எத்தனை சுற்று?

பெட்டிக்காசு | மார்ச் 3, காலை 7.55

பார்சல் கட்டும் சணல். குறுக்கே இரண்டு சுற்று. நழுவாமல் இருக்கட்டுமே என்று.

தராசுமுள் | மார்ச் 3, காலை 8.10

சணலின் கனமும் தண்ணீரை இடம்பெயர்க்கிறது, அதன் நாருக்குள் காற்றும் இருக்கிறது. காசின் எழுத்துகளுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளும் குமிழிகள் வேறு. இவை எல்லாமே ஒரே பக்கம்தான் தவறும்: தண்ணீர்க் கணக்கு கூடும், அடர்த்தி குறையும். நல்ல காசு போலியாகத் தெரியும்.

காசு அடியில் இடித்தாலும் இதே பக்கம்தான் தவறும். அப்போது தராசு திடீரென்று இரண்டு, மூன்று கிராம் காட்டும். அது உடனே தெரிந்துவிடும் என்பதால் ஆபத்தில்லை. பக்கச் சுவரில் லேசாக உரசுவதுதான் ஏமாற்றும்.

மீன்பிடி நைலானோ ஒற்றைப் புரி தையல் நைலானோ எடுங்கள். ஒரே சுற்று. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கரைந்த காற்று போய்விடும். ஒரே ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழி ஒட்டாது. காசை மூழ்கவைத்து மெல்ல ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, ஊசலாட்டம் நின்ற பிறகு பாருங்கள். மூன்று முறை எடுத்து நடு மதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். தராசின் ஒரு சிறு படி, அதாவது 0.01, விடையை 0.09 அளவுக்கு மாற்றும். அதனால் 10.2 வந்தாலும் 10.4 வந்தாலும் சண்டை போட வேண்டாம்.

லென்ஸ்கண் | மார்ச் 3, காலை 11.02

தண்ணீர் காயட்டும், அதற்குள் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். லென்ஸ் எடுக்குமுன் எழுத்தைப் படியுங்கள். செலவே இல்லாத சோதனை இதுதான், இதை யாரும் செய்வதில்லை.

1840 என்ற ஆண்டோடு வரும் விக்டோரியா ரூபாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர் இருக்கும். 1862 ரூபாயில் கம்பெனி இருக்கக்கூடாது; ஆட்சி 1858லேயே ராணி கைக்குப் போய்விட்டது. 1862 முதல் ‘விக்டோரியா குயின்’. 1877 முதல் ‘விக்டோரியா எம்ப்ரஸ்’. 1862 ஆண்டும் ‘எம்ப்ரஸ்’ பட்டமும் ஒரே காசில் வந்தால் தராசு தேவையில்லை, தூக்கிப் போடலாம்.

அதோடு, 1862 என்று இருப்பதால் 1862இல் அடித்தது என்று அர்த்தமில்லை. 1874 வாக்கில் உண்மையான ஆண்டைப் போடத் தொடங்கும்வரை எல்லா ரூபாயிலும் 1862தான். பூப்பக்கத்தில், அதாவது ஆண்டு உள்ள பக்கத்தில், உள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கை மாறிக்கொண்டே வரும், அவை அடித்த ஆண்டைக் குறிப்பவை என்று கருதப்படுகிறது. அதனால் ‘என் காசில் புள்ளி இருக்கிறது, படத்தில் இல்லை, ஆகவே போலி’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உரைகல் | மார்ச் 3, மதியம் 12.40

மந்தமான சத்தத்துக்கு வருகிறேன். மேல் விளிம்பில் மேடு என்றீர்கள். அது பெரும்பாலும் காசுமாலைக்காகவோ தாலிக்கயிற்றில் கோர்க்கவோ வளையம் பற்றவைத்து, பிறகு கழற்றிய தடம். லென்ஸில் பார்த்தால் அந்த இடத்தில் விளிம்பு வரிகள் அமுங்கியோ மூடியோ இருக்கும். சூட்டில் நிறம் மாறிய வளையம் தெரியும், சில சமயம் அரத்தால் ராவிய கோடுகள். பற்றவைத்த காசு, உள்ளே மயிரிழை விரிசல் உள்ள காசு, இரண்டுமே அசலாக இருந்தும் சரியாக ஒலிக்காது. சத்தம் நன்றாக இருந்தால் ஒரு நல்ல அறிகுறி. மோசமாக இருந்தால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

தயவுசெய்து தரையில் சுண்டிப் பார்க்காதீர்கள். விரல் நுனியில் படுக்கவைத்து, இன்னொரு காசின் விளிம்பால் மெல்லத் தட்டுங்கள். ஒப்பிட அதே ஆண்டு, அதே வகைக் காசு ஒன்று இருந்தால் மட்டும் இதற்கு மதிப்பு.

பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர்கள் மத்தியில் விலை குறையும். அசல் என்ற கணக்கில் குறையாது.

பெட்டிக்காசு | மார்ச் 3, மாலை 6.35

தையல் நைலான், கொதித்து ஆறிய தண்ணீர். மூன்று முறை: 1.11, 1.11, 1.12. அடர்த்தி 10.29 வருகிறது. நிம்மதி. விளிம்பு மேட்டருகே அரத்தின் கோடுகள் தெரிகின்றன, உரைகல் சொன்னபடி.

லென்ஸ்கண் | மார்ச் 3, இரவு 8.05

நிம்மதி பாதிதான். சரியான வெள்ளிக் கலவையில் வார்த்த போலியும் அதே 10.29 காட்டும். இப்போது கண் வேலை.

பத்து மடங்கு லென்ஸ், ஒரே ஒரு விளக்கு பக்கவாட்டிலிருந்து. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எல்லாப் போலியும் அழகாகத்தான் இருக்கும். காசைக் கையில் மெல்லச் சுழற்றிக்கொண்டே பாருங்கள்.

வார்ப்பில் செய்தது என்றால் வெறும் பரப்பில், எழுத்து இல்லாத இடத்தில், ஊசிமுனைக் குழிகள் இருக்கும். காற்றுக் குமிழி விட்ட உருண்டைக் குழிகள் அவை. துரு அரித்த குழி ஒழுங்கற்று இருக்கும், வார்ப்புக் குழி வட்டமாக இருக்கும். எழுத்தின் அடி, பரப்போடு சேரும் இடத்தில் கூர்மையாக ஒரு கோணம் இருக்க வேண்டும். வார்ப்பில் அது சோப்புக்கட்டி கரைந்ததுபோல் வளைந்து இறங்கும். தேய்ந்த காசிலும் எழுத்தின் உச்சிதான் தேயும், அடி கூர்மையாகவே நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டால் ‘தேய்ந்ததா, மழுங்க வார்த்ததா’ என்ற குழப்பம் போய்விடும்.

விளிம்பைத் தனியாகப் பாருங்கள். வரிகள் ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில், நேராக நிற்க வேண்டும். சுற்றிலும் நடுவில் ஒரு மெல்லிய கோடு ஓடினால் இரண்டு அச்சுப் பாதிகளைச் சேர்த்த இணைப்பு. அந்தக் கோட்டை மறைக்க அரத்தால் ராவி, வரியைப் புதிதாக வெட்டியிருப்பார்கள். அப்படி வெட்டியது ஒன்றுக்கொன்று அகலம் மாறும். உங்கள் காசில் பற்றவைத்த இடத்தைத் தவிர மற்ற இடங்களில்தான் இதைத் தேட வேண்டும்.

விட்டம் 30.6 என்பது நல்ல செய்தி. உருக்கிய உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்கு சுருங்கும். அசல் காசை அச்சாக வைத்து வார்த்தால் போலி அதைவிடச் சிறியதாக, 30.2 அருகே நிற்கும்.

பழையதுட்டு | மார்ச் 4, காலை 9.30

நண்பர்கள் காந்தத்தைச் சும்மா விட்டுவிட்டார்கள். இழுக்கவில்லை என்பதால் இரும்பு இல்லை என்று மட்டும்தான் தெரியும். செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர், ஈயம் எதையும் காந்தம் இழுக்காது.

நியோடிமியம் காந்தத்தை வைத்துச் சறுக்குச் சோதனை செய்வார்கள்: காசை 45 பாகை சாய்த்து, மேலே சின்னக் காந்தத்தை விட்டால் வெள்ளியில் அது தயங்கித் தயங்கி இறங்கும், பித்தளையில் வேகமாக விழும். நகரும் காந்தம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குவதுதான் காரணம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் செம்பும் ஏறக்குறைய வெள்ளி அளவுக்கே மின்சாரம் கடத்தும், அதனால் வெள்ளி முலாம் பூசிய செம்பு இதில் தேறிவிடும். ஐஸ்கட்டி உருகும் சோதனையிலும் இதே ஓட்டை. அடர்த்தியில் போனால் 8.96, அங்கே மாட்டும்.

பெட்டிக்காசு | மார்ச் 4, மதியம் 1.15

காந்தம் பேச்சு வந்ததால்: பெட்டியில் 1947 ஒரு ரூபாய் ஒன்று, ஆறாம் ஜார்ஜ் தலை, பின்னால் புலி. காந்தத்தில் டக்கென்று ஒட்டிக்கொள்கிறது. இதைக் குப்பையில் போட்டுவிடலாமா?

பழையதுட்டு | மார்ச் 4, மதியம் 1.22

ஐயோ வேண்டாம்! 1947 ரூபாய் நிக்கல். நிக்கலைக் காந்தம் இழுக்கும். அது ஒட்டாவிட்டால்தான் சந்தேகம்.

உரைகல் | மார்ச் 4, மதியம் 2.50

ரூபாயில் உலோகம் மாறிய வரலாற்றை இங்கேயே போட்டுவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு 1942 காசை எடுத்துக்கொண்டு வந்து 10.3 வரவில்லை என்பார். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி 50 சதவீதம், செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. எடை அதே 11.66. அடர்த்தி 9.5 அருகே. விளிம்பில் வரிகளுக்கு நடுவே சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும், போலியைத் தடுக்கச் செய்த பாதுகாப்பு விளிம்பு அது. அந்தப் பள்ளம் இல்லாத 1943 ரூபாய் வந்தால் கீழே வைத்துவிட்டு யோசியுங்கள்.

தராசுமுள் | மார்ச் 4, மதியம் 3.06

அப்படிப் பார்த்தால் சணல் கட்டிய 9.36 ஏறக்குறைய இந்தக் கலவைக்குப் பக்கத்தில் வந்தது. விக்டோரியா ரூபாயில் யுத்தகாலக் கலவை! சணலுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு அதைப் பார்சலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் :)

லென்ஸ்கண் | மார்ச் 4, இரவு 9.00

ஜார்ஜ் காசு பேச்சு வந்துவிட்டதால் 1911ஐயும் சொல்லிவிடுவோம். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் ஒரு யானை உண்டு. 1911 ரூபாயில் அதன் துதிக்கை குட்டையாக, பன்றி மாதிரி இருக்கும். ‘யானை சரியாக வரவில்லை, ஆகவே போலி’ என்று நினைக்க வாய்ப்புண்டு. அசலே அப்படித்தான். எதிர்ப்பு கிளம்பி, அடித்த 94 லட்சத்தில் வெளியே போன 7 லட்சம் போக மீதியை உருக்கினார்கள். 1912 முதல் யானை திருத்தப்பட்டது. எனவே இங்கே எச்சரிக்கை தலைகீழ்: 1911 என்ற ஆண்டும் அழகான நீண்ட துதிக்கையும் ஒன்றாக வந்தால், ஆண்டைத் திருத்தினார்களா என்று 1களைச் சுற்றித் தேடுங்கள்.

ஆண்டைத் திருத்திய காசு மிகவும் மோசமான வகை, ஏனென்றால் எடை, அடர்த்தி, விளிம்பு எல்லாம் அசல். ஒரு இலக்கம் மட்டும் பொய். 1939 ரூபாய் மிக அரிது என்பதால் 1938இன் எட்டைச் சுரண்டி ஒன்பது ஆக்குகிறார்கள். சுரண்டிய இடத்தில் பரப்பின் பளபளப்பு அறுந்திருக்கும். காசைச் சுழற்றும்போது ஒளி வட்டமாக ஓடி அந்த ஒரு இலக்கத்தருகே தடுக்கும். இலக்கத்தின் உயரமும் பக்கத்து இலக்கங்களோடு ஒத்துவராது.

பெட்டிக்காசு | மார்ச் 5, காலை 8.12

இன்னொன்று இருக்கிறது. ஒருபக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஹாஃப் அணா, 1818’. பித்தளை நிறம். இதற்குக் கோடிக்கணக்கில் விலை என்று வீடியோ வருகிறதே?

பழையதுட்டு | மார்ச் 5, காலை 8.40

வந்துவிட்டார் ராமர். எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. ராமர், அனுமன், சிவன், விநாயகர் யாரையும் கம்பெனி நாணயத்தில் போடவில்லை. 1616, 1717, 1818 என்று வசதியான ஆண்டுகளோடு வருபவை எல்லாம் பிற்காலத்தில் செய்தவை. பட்டாபிஷேகக் காட்சியோடு கோயில் வில்லைகள் உண்டு, அவை பக்திக்காகச் செய்தவை, பணம் அல்ல. சில வில்லைகள் நிஜமாகவே பழையவை, வெள்ளியிலும் உண்டு. அவற்றில் கம்பெனியின் பெயரும் அணாக் கணக்கும் இருக்காது. பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

அரிசியை இழுக்கும், டார்ச்சை அணைக்கும், இரிடியம் கலந்தது என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். ‘பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம், வரி கட்டுங்கள்’ என்பதும் அதே கூட்டம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியும் கேட்கிறார்கள். தாங்கள் இதில் ஈடுபடுவதில்லை, கட்டணமும் கேட்பதில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்துவிட்டது.

உரைகல் | மார்ச் 5, மதியம் 12.15

விற்கும் பேச்சு வந்ததால் சட்டம் இரண்டு வரி. நூறு ஆண்டு தாண்டிய நாணயம் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. வெளிநாட்டு உறவினர் கேட்டார் என்று 1862 ரூபாயைக் கூரியரில் போட்டுவிடாதீர்கள். நிலத்தில் தோண்டிக் கிடைத்த காசுக்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் தனி: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பென்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வழிவழியாக வந்த பெட்டி வேறு விஷயம்.

நகைக்கடைக்கோ ஹால்மார்க் மையத்துக்கோ கொண்டுபோனால் முதலில் ‘உரசாதீர்கள்’ என்று சொல்லுங்கள். உரைகல்லில் உரசினால் காசில் வெட்டு விழும். (என் புனைபெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.) எக்ஸ்ரே கருவியில் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கருவி மேல்தோலை மட்டும் பார்க்கும். கனமான முலாம் இருந்தால் முலாமின் வெள்ளியைச் சொல்லிவிட்டு உள்ளே இருப்பதை விட்டுவிடும். இரண்டு பக்கமும், தேய்ந்த உச்சியிலும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளி 91, 92, மீதி செம்பு என்றால் பொருந்துகிறது. 99.9 என்றால் பூஜைக்காசு. நிக்கலும் துத்தநாகமும் எட்டிப்பார்த்தால் அடியில் ஜெர்மன் சில்வர்.

தராசுமுள் | மார்ச் 5, மதியம் 1.02

இதனால்தான் எக்ஸ்ரேயும் தண்ணீரும் சேர்ந்து வேண்டும். எக்ஸ்ரே தோலைப் பார்க்கிறது, தண்ணீர் உடம்பு முழுவதையும் பார்க்கிறது. இரண்டும் ஒரே விடை சொன்னால் உலோகக் கேள்வி முடிந்தது.

பெட்டிக்காசு | மார்ச் 5, இரவு 9.48

பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். குழி இல்லை, எழுத்தின் அடி கூர்மையாக இருக்கிறது, விளிம்புக் கோடு எதுவும் இல்லை. கறுத்திருப்பதால் ஆண்டுக்குக் கீழே புள்ளி தெளிவாகத் தெரியவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டு எண்ணட்டுமா?

லென்ஸ்கண் | மார்ச் 5, இரவு 9.50

வேண்டாம் வேண்டாம். பல்பொடி, விபூதி, வெள்ளிப் பாலீஷ் எதுவும் வேண்டாம். கருமை வெள்ளியின் மேல் கந்தகம் சேர்ந்து வந்த படலம், அது அழுக்கு இல்லை. தேய்த்தால் படலத்தோடு மேல்தோலும் போகும், மயிரிழைக் கோடுகள் நிரந்தரமாக நிற்கும். அசலைத் தேய்த்தே பாதி விலைக்கு இறக்கியவர்கள் ஏராளம்.

பிசுக்கு இருந்தால் அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, துடைக்காமல் துணியில் ஒற்றி எடுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்குத் தூரமாகச் செய்யுங்கள். அது எண்ணெயையும் பசையையும் எடுக்கும், வெள்ளியைத் தொடாது. புள்ளி தெரிய வேண்டுமென்றால் விளக்கை இன்னும் தாழ்த்துங்கள், போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

கருமையிலும் ஒரு துப்பு உண்டு. இயற்கையாக வந்தது எழுத்தின் ஓரங்களில் ஆழமாகவும் உச்சியில் வெளுத்தும் இருக்கும். ரசாயனத்தில் முக்கிக் கறுக்கவைத்தது மேடு பள்ளம் பார்க்காமல் ஒரே சீராக இருக்கும், விரலால் அழுத்தினாலே சில சமயம் கையோடு வரும்.

பெட்டிக்காசு | மார்ச் 6, காலை 7.05

விளக்கைத் தாழ்த்தியதும் ஆண்டுக்குக் கீழே இரண்டு புள்ளி தெரிகிறது. தேய்க்கவில்லை, சத்தியம். கடைசியாக ஒரு செம்புக்காசு: ‘XX’ என்ற எழுத்து, 1808, ஒருபக்கம் சிங்கங்கள் தாங்கும் கேடயம், மறுபக்கம் பாரசீக எழுத்து. பரப்பு முழுவதும் அரித்துச் சொரசொரப்பாக இருக்கிறது. ஒரு ஓரத்தில் வெளிர்பச்சைப் பொடி. இது வார்ப்பா?

பழையதுட்டு | மார்ச் 6, காலை 10.30

‘XX’ ரோமன் எண்ணில் 20, ஆக இது 20 காசு மதிப்புள்ள நாணயம். சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தின் பர்மிங்காமில் சோஹோ ஆலையில் அடித்தது. இதே ஆண்டுக் காசுகளை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் ஏராளமாக மேலே எடுத்தார்கள். கடலில் கிடந்தவை உப்பு அரித்து, ஆனால் தேய்மானம் இல்லாமல் இருக்கும்: பரப்பு சொரசொரப்பு, எழுத்து உயரம் குறையாமல். இங்கே புழங்கியது நேர்மாறு: வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். இரண்டுமே அசல். உங்களுடையது எந்த வகை என்று எழுத்தின் உயரத்தைப் பாருங்கள். உயரம் குறையாத சொரசொரப்பு என்றால் பிற்காலத்தில் யாரோ வாங்கிப் பெட்டியில் போட்டது, தாத்தாவின் தாத்தா கையில் புழங்கியது அல்ல.

லென்ஸ்கண் | மார்ச் 6, காலை 11.10

பச்சைப் பொடியைத் தனியாகக் கவனியுங்கள். கெட்டியாக ஒட்டிய கரும்பச்சை என்றால் பழைய களிம்பு, அப்படியே இருக்கட்டும். வெளிர்பச்சையாக, பொடியாக, ஊசியால் தொட்டால் உதிர்ந்தால் உப்பு உள்ளே இன்னும் வேலை செய்கிறது. ஈரம் பட்டால் செம்பைத் தின்றுகொண்டே போகும். மூங்கில் குச்சியால் பொடியை எடுத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றுங்கள். வாரக்கணக்கில் ஆகும். நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வையுங்கள். வெள்ளி ரூபாய்களோடு ஒரே டப்பாவில் போட வேண்டாம். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், அது நாளடைவில் பச்சைப் பிசின் கக்கும். மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறை போதும்.